தவறிய பாடம் திரும்பி வருமா?



ஒரு மாணவி கேட்ட கேள்விக்குத் தவறான விடை கூறிவிட்டேன் என்று ஓர் ஆசிரியர் ஒப்புக்கொள்வது எளிதன்று. அதிலும் பல ஆண்டுகள் தலைமையாசிரியராக நாற்காலியில் அமர்ந்திருந்தவனுக்கு அது இன்னும் கடினம். எனினும் இன்றைய பேச்சை அத்தகைய ஒப்புதலோடுதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது.

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொரோனா நோய்ப் பரவலால் பள்ளிகள் மூடப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தமிழ்நாடு அரசு 2019 ஆகஸ்டு 26 அன்று தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி அவ்வேளையில் பேருதவியாக வந்தது. 2020 ஜூலைத் திங்கள் முதல் வகுப்பு வாரியாகக் கால அட்டவணை வகுத்து, அதன் வழியே பாடங்களை நடத்தினர். ஓய்வு பெற்று மணவாள நகரில் வாழும் நானும் நாள்தோறும் அப்பாடங்களைப் பார்த்து வந்தேன். பழைய பழக்கம் விடுவதில்லை அன்றோ?

எங்கள் தெருவில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி இருந்தாள். அவள் தந்தை காக்களூர்த் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். வாரத்துக்கு ஒரு ஷிப்டு என்று முறை மாறும். வீட்டில் இருந்த ஒரே கைப்பேசி அவரோடு போய் அவரோடு திரும்பும். தொலைக்காட்சிப் பெட்டி வீட்டில் உண்டு. ஆயின், தாயும் வேலைக்குச் செல்வதால், தம்பியைக் கவனிப்பதும் தண்ணீர் பிடிப்பதும் அப்பெண்ணின் பொறுப்பாயின. ஒரு நாள் காலை அவள் என் வீட்டு வாயிலில் வந்து நின்றாள்.

"சார், நேத்து கணக்குப் பாடம் விட்டுப்போச்சு. தண்ணி லாரி வந்துடுச்சு. அது மறுபடியும் எப்போ சார் வரும்?"

"விட்டது விட்டதுதாம்மா. அது இனிமே வராது. நாளைக்கு வர்றதை ஒழுங்காப் பாரு" என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். தவறியது 'உறவுகளும் சார்புகளும்' என்ற முதல் இயலின் பாடம். அடிப்படை தவறினால் அதன்மேல் எழுப்புவது நில்லாது என்பது கணக்கு ஆசிரியர் அனைவரும் அறிந்தது. இருந்தும் அவ்வாறு விடை கூறினேன்.

ஏன் அவ்வாறு கூறினேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. தில்லியில் தொலைக்காட்சி தொடங்கிய 1959ஆம் ஆண்டில்தான் நானும் பிறந்தேன். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியபோது எனக்குப் பதினாறு வயது. அதே ஆகஸ்டு முதல் நாளில், அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் துணையோடு ஆறு மாநிலங்களைச் சேர்ந்த 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி வழியே கல்வி புகட்டும் பெருஞ்சோதனையை நம் நாடு தொடங்கியது. ஓராண்டு நடந்த அச்சோதனையில், காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கென ஒன்றரை மணி நேரம் ஒளிபரப்பினர். அந்த நேரத்தில் பெட்டியின் முன் இருந்தவன் கற்றான், இல்லாதவன் இழந்தான். வானொலியும் அப்படித்தான். ஒலிபரப்பு என்பது மழையைப் போன்றது. பெய்யும்போது நனைந்தால் உண்டு. அந்தக் காலத்து மனம்தான் அப்பெண்ணுக்கு விடை கூறியது.

நிகழ்ச்சிகளை ஒளிபரப்பியவர்களே கூட அவற்றைச் சேர்த்து வைக்கவில்லை என்பதை இங்குச் சொல்ல வேண்டும். ஒளிப்பதிவு நாடா அக்காலத்தில் விலை மிகுந்த பொருள். ஆதலால் பழைய பதிவை அழித்துவிட்டு அதே நாடாவில் புதியதைப் பதிவு செய்தனர். இங்கிலாந்தின் பி.பி.சி. நிறுவனம் 1960களிலும் 1970களிலும் இவ்வாறு பல நிகழ்ச்சிகளை இழந்தது. 1969இல் மனிதன் நிலவில் கால் வைத்த காட்சி வந்திறங்கிய மூல நாடாக்களும் அழிக்கப்பட்டு, வேறு பணிக்குப் பயன்பட்டிருக்க வேண்டும் என்று அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா 2009இல் அறிவித்தது. நல்ல வேளையாக, தொலைக்காட்சி நிலையங்கள் எடுத்து வைத்திருந்த படிகள் எஞ்சின.

வீட்டிலேயே நிகழ்ச்சியைப் பதிவு செய்யும் கருவிகள் 1975ஐ ஒட்டிய ஆண்டுகளில் கடைக்கு வந்தன. ஒளிபரப்பாகும் நிகழ்ச்சியைப் பிறிதொரு நேரத்தில் பார்ப்பதற்காக ஒருவர் தம் வீட்டில் பதிவு செய்து வைப்பது குற்றமா என்ற வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. குற்றமன்று என்று 1984இல் தீர்ப்பாயிற்று. ஒன்பது நீதிபதிகளுள் ஐவர் ஒரு பக்கம், நால்வர் மறுபக்கம். அவ்வளவு நெருக்கமான தீர்ப்பு அது. நிகழ்ச்சியின் நேரத்தைப் பார்ப்பவனே தேர்ந்துகொள்ளலாம் என்ற எண்ணம் அன்று சட்டத்தின் வாயிலாக ஒப்புதல் பெற்றது.

அடுத்த படியை இணையம் கட்டியது. பி.பி.சி. நிறுவனம் 2007ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் 'ஐபிளேயர்' என்ற சேவையை முறைப்படி தொடங்கியது. ஒளிபரப்பாகி ஏழு நாள் வரை ஒரு நிகழ்ச்சியை அன்று இணையத்தில் திரும்பக் காண முடிந்தது. கணினியில் இறக்கி வைத்துக்கொண்டால் முப்பது நாள் வரை அது இருந்தது. நம் நாட்டில் பிரசார் பாரதி நிறுவனம் 2024 நவம்பர் 20 அன்று 'வேவ்ஸ்' என்ற சேவையைத் தொடங்கி, தூர்தர்ஷன், ஆகாசவாணி ஆகியவற்றின் பழைய நிகழ்ச்சிகளையும் மக்கள் காணுமாறு செய்துள்ளது. கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களோ ஒளிபரப்பானதோடு நில்லாமல் யூடியூப் தளத்திலும் வைக்கப்பட்டிருந்தன. அதை நான் அறியவில்லை. பத்து நாள் கழித்து இளம் ஆசிரியை ஒருவர் பேச்சுவாக்கில் இதைச் சொன்னபோதுதான், என் விடை தவறென்று உணர்ந்தேன். தவறு செய்தவனே திருத்த வேண்டும். அன்றே இந்தப் புதிய முறையைக் கற்கத் தொடங்கினேன்.

அம்முறை எவ்வாறு இயங்குகிறது என்பதைத் திருவள்ளூர் வட்டாரத்தார் எளிதில் விளங்கிக்கொள்வர். கொசத்தலை ஆற்றின் குறுக்கே 1944இல் கட்டி முடித்த பூண்டி நீர்த்தேக்கம் நமக்கு அண்மையில் உள்ளது. மழை நீரும், 1996 முதல் ஆந்திரத்திலிருந்து வரும் கிருஷ்ணா நீரும் அங்குத் தேங்குகின்றன. அங்கிருந்து புழல் ஏரிக்கும், பின்னர்ச் சென்னையின் குழாய்களுக்கும், முடிவில் வீட்டுக் குடத்துக்கும் நீர் செல்கிறது. நிகழ்ச்சியும் இவ்வாறே பயணம் செய்கிறது. ஒளிபரப்பானதும் அது மூலக் கணினியில் சேமிக்கப்படுகிறது. பலரும் விரும்பும் நிகழ்ச்சியாயின் அதன் படிகள் பெருநகரங்களில் உள்ள கணினிக் கிடங்குகளிலும் வைக்கப்படும். நீங்கள் கேட்கும்போது, இயன்றவரை அண்மையில் உள்ள கிடங்கிலிருந்தே அது உங்களை வந்தடைகிறது.

இனி, அந்த நிகழ்ச்சியின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் தோன்றும் படம் நுண்புள்ளிகளால் ஆனது. ஒரு சிறிய படத்தில் குறுக்கே 640, நெடுக்கே 480 புள்ளிகள் உள்ளன என்று கொள்வோம். பெருக்கினால் 3,07,200 புள்ளிகள். சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறங்களின் அளவைக் குறிக்க ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று பைட் வேண்டும். ஒரு படத்துக்கு 9,21,600 பைட் ஆயிற்று. நொடிக்கு 25 படங்கள் ஓடினால் அசைவு இயல்பாகத் தோன்றும். அரை மணிப் பாடத்துக்கு 1,800 நொடிகள். எல்லாவற்றையும் பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 4,147 கோடி பைட் வரும். ஒலியை இன்னும் சேர்க்கவில்லை. இவ்வளவு பெரிய சுமையை ஒரு கைப்பேசி எளிதில் தாங்காது.

ஆகவே அதைச் சுருக்குகிறார்கள். கரும்பலகையின் முன் ஆசிரியர் நிற்கும் காட்சியை எண்ணிப் பாருங்கள். பலகையும் சுவரும் அசைவதில்லை. ஆசிரியரின் கையும் முகமுமே அசைகின்றன. எனவே முதற்படத்தை முழுமையாக அனுப்பி, அடுத்தடுத்த படங்களில் மாறிய பகுதியை மட்டும் அனுப்பினால் போதும். கண்ணுக்கு எளிதில் தெரியாத நிற வேறுபாடுகளையும் விட்டுவிடலாம். இவ்வாறு சுருக்கும்போது அதே அரை மணிப் பாடம் ஏறத்தாழ 15 கோடி பைட்டுக்குள், அதாவது 150 எம்.பி. அளவுக்குள் அடங்கிவிடும். ஏறத்தாழ 276இல் ஒரு பங்கு!

இந்தப் 15 கோடியும் ஒரே மூட்டையாக வருவதில்லை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,500 பைட் கொண்ட சிறு பொட்டலங்களாகப் பிரிந்து வருகின்றன. வகுத்துப் பாருங்கள், ஓர் இலட்சம் பொட்டலங்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் உண்டு. சில முந்தி வரும், சில பிந்தி வரும், சில வழியில் காணாமற் போகும். பெறும் கருவி, வகுப்பாசிரியர் வருகைப் பதிவேட்டைப் பார்ப்பது போல எண்களைச் சரிபார்க்கும். வராத பொட்டலம் எதுவோ அது மறுபடி அனுப்பப்படும். எல்லாம் சேர்ந்தபின் வரிசைப்படுத்திக்கொள்ளும்.

இந்நிகழ்ச்சியைப் பார்க்க இரண்டு வழிகள் உண்டு. வர வரப் பார்ப்பது ஒன்று. முழுதும் இறக்கி வைத்துப் பின்னர்ப் பார்ப்பது மற்றொன்று. முன்னது குழாயில் வாய் வைத்துப் பருகுவது. பின்னது குடத்தில் பிடித்து வைத்துப் பருகுவது. இவற்றின் வேறுபாட்டையும் கணக்காகவே காண்போம். ஒரு பைட் என்பது எட்டுப் பிட். 15 கோடி பைட்டை எட்டால் பெருக்கி 1,800ஆல் வகுத்தால், தடையின்றிப் பார்க்க நொடிக்கு ஏறத்தாழ 6,67,000 பிட் வர வேண்டும் என்பது விளங்கும். உங்கள் ஊரில் இணைப்பு மெலிந்து, நொடிக்கு 4 இலட்சம் பிட்தான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வர வரப் பார்ப்பவருக்குப் படம் நின்று நின்று ஓடும். அல்லது கரும்பலகையின் எழுத்தே தெரியாதபடி மங்கிவிடும். இறக்கி வைப்பவரோ 50 நிமிடம் பொறுத்திருந்தால் போதும். முழுப் பாடமும் தெளிவாகக் கையில் இருக்கும். மெலிந்த இணைப்புடையவரும் வலிய இணைப்புடையவரும் ஒரே பாடத்தை ஒரே தெளிவோடு காணலாம். இறக்கி வைக்கும் முறையின் சிறப்பு இதுவே என்பேன். சிற்றூரில் வாழும் மாணவர்க்கும், இரவல் கைப்பேசியை நம்பியிருக்கும் மாணவர்க்கும் இது சிறிய உதவியன்று.

நான் இறக்கிய கதையையும் சொல்கிறேன். முதல் நாள் இரவு, ஆர்வ மிகுதியால் பத்துப் பாடங்களை ஒருசேர இறக்கத் தொடங்கினேன். நாளொன்றுக்கு ஒன்றரை ஜி.பி. என்பது என் கைப்பேசிக்குரிய அளவு. பத்தாம் பாடம் முடியுமுன் அளவு தீர்ந்துவிட்டது. பத்தை 150ஆல் பெருக்க ஒரு கணக்கு ஆசிரியருக்குத் தெரியாமற் போயிற்று! மறுநாள் முதல் நாளுக்கு இரண்டு பாடம் என்று வரையறை செய்துகொண்டேன்.

இரண்டாவது அனுபவம் வேறொரு சேவையில் நேர்ந்தது. நாதசுரக் கச்சேரி ஒன்றை இறக்கி வைத்திருந்தேன். சில நாள் கழித்துத் திறந்தால், காலம் கடந்துவிட்டது என்ற அறிவிப்பு மட்டுமே இருந்தது. முன்பே எழுதப்பட்டிருந்த விதியை நான்தான் படிக்கவில்லை. இறக்கி வைத்த நிகழ்ச்சி பெரும்பாலும் பூட்டிய பெட்டியாகவே நம்மிடம் வருகிறது. பெட்டி நம்மிடம் இருக்கும். திறவுகோலைச் செயலி வைத்திருக்கும். அதற்கு ஒரு கெடுவும் உண்டு. யூடியூப் தளம் 2014 டிசம்பரில் நம் நாட்டில் இவ்வசதியை அறிமுகம் செய்தபோது, இறக்கிய படம் 48 மணி நேரமே இருக்கும் என்று வரையறுத்தது. இக்கெடு ஏன் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு நிகழ்ச்சியில் எழுத்தாளர், இசைவாணர், நடிகர் எனப் பலரின் உழைப்பும் உரிமையும் கலந்துள்ளன. எத்தனை நாள், எந்த நாட்டில், எவ்வழியாகக் காட்டலாம் என்பதற்கு அவர்களோடு ஒப்பந்தம் உண்டு. கெடு அந்த ஒப்பந்தத்தின் விளைவு. பூட்டை உடைக்கும் குறுக்கு வழிகளைச் சொல்லும் நண்பர்கள் உங்களுக்கும் இருக்கலாம். அவ்வழி பிறர் உழைப்பைக் கூலியின்றிக் கொள்வதாகும்; கைப்பேசிக்குள் தீய நிரல்களை அழைத்து வருவதும் பெரும்பாலும் அத்தகைய வழிகளே. நூலகத்திலிருந்து எடுத்த நூலைக் குறித்த நாளுக்குள் படித்துத் திருப்புகிறோமே, அதுபோலக் கருதினால் மனக்குறை இராது.

இனி அம்மாணவியிடம் திரும்புவோம். தவறிய பாடத்தை இறக்கி வைத்துக்கொண்டு அவளை அழைத்தேன். நான் சொன்னது தவறு என்றும் கூறினேன். முகக்கவசம் அணிந்து, திண்ணையின் ஒரு கோடியில் அவளும் மறுகோடியில் நானுமாக அமர்ந்தோம். கைப்பேசி அவள் கையில் இருந்தது. அவள் அதைப் பார்த்த முறைதான் எனக்குப் பாடமாயிற்று. ஆசிரியர் ஒரு கணக்கை எழுதியதும் படத்தை நிறுத்தினாள். குறிப்பேட்டில் தானே அக்கணக்கைச் செய்தாள். பின்னர்ப் படத்தை ஓடவிட்டுத் தன் விடையை ஒப்பிட்டாள். தவறென்றால் மறுபடி பின்னோக்கிச் சென்றாள். அரை மணிப் பாடத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. வகுப்பறையில் நாற்பது பேர் நடுவே, "சார், இன்னொரு முறை சொல்லுங்க" என்று கேட்கக் கூசும் எத்தனையோ பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். சேமித்த பாடம் எத்தனை முறை கேட்டாலும் சலிப்பதில்லை. அவள் தந்தைக்கும் செய்தியைச் சொன்னோம். அதன்பின் அவர் வேலை முடிந்து வந்ததும் மறுநாளைக்குரிய பாடத்தை இறக்கி வைத்துவிட்டுத்தான் உறங்கினார். ஓய்வு நாளில் கைப்பேசி முழுதும் மகளுடையதாயிற்று.

அவ்வாறிருக்க, என் நிலை யாதாயிற்று? இரண்டு திங்கள் கழித்துக் கணக்கெடுத்தேன். பின்னர்ப் பார்க்கலாம் என்று நான் இறக்கிய நிகழ்ச்சிகள் நாற்பத்தொன்று. முழுமையாகப் பார்த்தவை ஆறு! எஞ்சியவற்றுள் பல, திறக்கப்படாமலே கெடு கடந்து போயின. அந்தக் காலத்தில் ஒலிபரப்புக்கு ஒரு நேரம் இருந்தது; தவறினால் வராது என்ற அச்சமும் இருந்தது. ஆதலால் அந்த நேரத்துக்கு வந்து அமர்ந்தோம். இப்போது எந்த நேரமும் பார்க்கலாம் என்றவுடன், எந்த நேரமும் பார்க்காமல் இருக்கவும் வழி பிறந்துவிட்டது. கருவி நிகழ்ச்சியை மீட்டுத் தந்தது. அதைப் பார்க்கும் பொழுதை அது தரவில்லை. அதை நாமேதான் ஒதுக்க வேண்டும்.

மாணவர்களே, குடம் நிறைந்துவிட்டது என்பதால் தாகம் தணிந்துவிடாது. பாடத்தை இறக்கியதும் அதைப் படித்து முடித்தது போன்ற ஒரு மனநிறைவு தோன்றுகிறதே, அது பொய்யான நிறைவு. புத்தகம் வாங்கி அடுக்கியவரும், குறிப்புகளைப் படியெடுத்து வைத்தவரும் முன்னாளில் இதே ஏமாற்றத்துக்கு ஆளாயினர். ஆதலால் என் அனுபவத்தில் கண்ட மூன்று வழிகளைக் கூறுகிறேன். முதலாவது, இறக்கும்போதே எந்த நாள், எந்த மணிக்குப் பார்ப்பது என்று குறித்து வையுங்கள். அந்த நேரத்தைப் பள்ளி மணி அடித்தது போல மதியுங்கள். இரண்டாவது, முன்பு இறக்கியதைப் பார்த்து முடிக்காமல் அடுத்ததை இறக்காதீர்கள். மூன்றாவது, குறிப்பேடும் எழுதுகோலும் கையில் இல்லாமல் பாடத்தைத் திறவாதீர்கள். கெடு முடிந்து பாடம் மறையலாம். உங்கள் கையால் எழுதிய குறிப்புக்குக் கெடு இல்லை.

அந்த மாணவி என்ன ஆனாள் என்று அறிய விரும்புவீர்கள். 2021ஆம் ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடைபெறவில்லை. எல்லோரும் தேர்ச்சி பெற்றதாக அரசு அறிவித்தது. படித்தவரும் படிக்காதவரும் அவ்வாண்டு ஒரே வரிசையில் நின்றனர். "இவ்வளவு படிச்சதெல்லாம் வீணாப் போச்சா, சார்?" என்று அவள் தாய் என்னிடம் வருத்தத்தோடு கேட்டார். வீணாகவில்லை. பதினோராம் வகுப்பில் அவள் கணக்குப் பிரிவை எடுத்தாள். முதல் வாரத்திலேயே சார்புகள் மீண்டும் வந்தன. தோழியர் சிலர் திகைத்தபோது, திண்ணையில் செய்த கணக்குகள் அடங்கிய குறிப்பேட்டை அவள் அவர்களுக்குக் கொடுத்தாள். அந்தக் குறிப்பேடு கைமாறிக் கைமாறி, அட்டை கிழிந்து அவளிடம் திரும்பி வந்ததை நானே பார்த்தேன்.

"அது இனிமே வராது" என்று அவளிடம் நான் சொன்ன விடையை இப்போது திருத்திக்கொள்கிறேன். தவறிய பாடம் திரும்பி வரும். அது வரும்போது நீங்கள் அமர்ந்திருக்க வேண்டும்.